சமவெளியை இழந்தவர்களின் மலை: கோவிந்தஹெலவை வயலிலிருந்து பார்த்தல்

(சாய்ந்தமருதுவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சின் இடையே சொன்ன கிளைக்கதைகள் சுருக்கப்பட்டுள்ளன. வாதத்தின் வரிசை மாற்றப்படவில்லை.)

 

அறக்கட்டளைக் குழுவினர் என்னை அழைத்தபோது, நமது பிரதேச வரலாற்றில் ஏதாவது ஓரிடத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். கடற்கரைப் பள்ளியைப் பற்றியோ தீகவாபியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது காட்டுக்குள் நிற்கும் ஒரு மலை. பெயர் கோவிந்தஹெல. பிரித்தானியர் அதன் உருவத்தைப் பார்த்து ‘வெஸ்ட்மின்ஸ்டர் அபே’ என்று தங்கள் தேவாலயத்தின் பெயரை வைத்தார்கள். தேசப்படங்களில் அந்தப் பெயரும் இருக்கிறது.

மொனராகலை மாவட்டத்துச் சியம்பலாண்டுவ மலைக்கும் கடற்கரை மணலில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று சபையில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. முதல் தொடர்பு வாசலிலேயே இருக்கிறது. நமது ஊர் நடுவே ஓடும் ஏ4 நெடுஞ்சாலையில் தெற்கே புறப்பட்டால் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கோமாரி, பொத்துவில், லகுகல என்று போய், சாலை மாறாமலே சியம்பலாண்டுவயை அடையலாம். அம்பாறை வழியாக ஏ25 சாலையில் போனாலும் அதே ஊர்தான். இரண்டாவது தொடர்பு ஆழமானது. இன்றைய உரை அதைப் பற்றியது.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டு மலையுச்சியில் கோட்டை கட்டியவனைப் பெரும் பலசாலி என்று நாம் எண்ணுகிறோம். நம் பக்கத்து வரலாறு வேறு சொல்கிறது. மலைக்கோட்டை என்பது சமவெளியை இழந்த ஆட்சி காலம் கடத்திய இடம். ஆகையால் அதன் கதையை உச்சியில் நின்று படிக்க முடியாது. குளத்திலிருந்தும் வயலிலிருந்தும் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கத் தகுதி உள்ளவர்கள் வயல்செய்து பழகிய மக்கள். இந்த ஒரு கருத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. மலையும் காடும்

கோவிந்தஹெல ஏறத்தாழ 558 மீற்றர் உயரம். மத்திய மலைநாட்டோடு பார்த்தால் சின்ன மலைதான். ஆனால் சுற்றிலும் தாழ்ந்த நிலம் இருப்பதால் தனியே எழுந்து நிற்கிறது. பக்கங்கள் பல இடங்களில் செங்குத்தான பாறை. அடிவாரத்தில் வரண்ட வலயத்துக் காடு: பாலை, வீரை, இடையிடையே முட்புதர். காட்டின் ஓரத்தைச் சேனைகள் தின்றிருக்கின்றன. சியம்பலாண்டுவப் பக்கம் சோளச் சேனைக்குப் பெயர்போன இடம். யானை நடமாடும் காடு. ஊரவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, விடிந்த பிறகு ஏறத் தொடங்கி, வெயில் சாயுமுன் இறங்கிவிடுவதே முறை.

ஏறுகிறவருக்கு முதல் பகுதி முழுவதும் காடு மட்டுமே. ‘கோட்டை எங்கே?’ என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். பள்ளிப் பாடநூலில் சீகிரியாவின் சிங்கப் பாதத்தையும் யாப்பகுவவின் கல் படிக்கட்டையும் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். சிற்பம் இல்லை, ஓவியம் இல்லை. பாறையில் வெட்டிய படிகள், சிதைந்த செங்கற்கட்டுகள், மழைநீர் தேங்கும் பள்ளங்கள் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மனிதர் வாழ்ந்த தடம் தெரிகிறது. வேர்கள் செங்கல்லைப் பிரித்துப் போட்டிருக்கின்றன.

உச்சியில் நின்றதும் கண் தானாகவே கீழே போகிறது. கிழக்கே தாழ்ந்து செல்லும் நிலம், காட்டுக்கு நடுவே நீர்த் திட்டுகள், அதற்கும் அப்பால் கடற்கரைப் பக்கம். சியம்பலாண்டுவப் பக்கத்தால் ஓடி லகுகலவைக் கடந்து பொத்துவிலுக்குத் தெற்கே கடலில் சேர்கிறது ஹெட ஓயா. வடக்கே பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, ஊவா மலைகளில் பிறந்து கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றர் தூரத்தில் கடலைச் சேர்கிறது. இந்த இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கும் மேலே நிற்கும் காவல்மேடை அந்த மலை. அங்கே இருந்தவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அவர்கள் நம்முடைய பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2. ஏடு சொல்வது

இந்த மலைக்கு ஒரு பெயரும் ஒரு காலமும் தருவது பாளி வம்சகதையான சூளவம்சம். 1215ஆம் ஆண்டில் கலிங்கத்திலிருந்து மாகன் வந்தான். அவனோடு 24,000 வீரர்கள் வந்ததாகவும் அவர்களைக் கேரளர் என்றும் அந்நூல் சொல்கிறது. அப்போது பொலன்னறுவையில் ஆண்டவன் பராக்கிரம பாண்டியன். அவனைப் பிடித்துச் சிதைத்துவிட்டு மாகன் அரசைக் கைப்பற்றினான். 1236 வரை 21 ஆண்டுகள் பொலன்னறுவையிலிருந்து ஆண்டான்.

சூளவம்சத்தின் 81ஆம் அத்தியாயம் அந்த நாட்களில் நடந்த இன்னொன்றைச் சொல்லித் தொடங்குகிறது. எளிதில் நெருங்க முடியாத மலைகளிலும் காட்டிடங்களிலும் சில தலைவர்கள் ஊர்களை அமைத்துக்கொண்டு, மாகனுக்கு அடங்காமல் இருந்தார்கள். சுப என்ற சேனாபதி சுபபர்வதத்தில் இருந்தான். அது இன்றைய யாப்பகுவ. சங்க என்ற சேனாபதி கங்காதோணியில் இருந்தான். புவனேகபாகு என்ற தலைவன் உருகுணை நாட்டில் கோவிந்தசைலத்தில் நகர் அமைத்துப் பௌத்த சங்கத்தைக் காத்தான். அந்தக் கோவிந்தசைலம்தான் நாம் பேசும் கோவிந்தஹெல.

மாணவர்களுக்காக ஒரு விளக்கம். 1272 முதல் 1284 வரை யாப்பகுவயில் ஆண்ட முதலாம் புவனேகபாகு வேறு. கோவிந்தஹெலப் புவனேகபாகு அவனுக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் முந்தியவன். இலங்கை முழுவதையும் ஆண்ட மன்னர் வரிசையில் அவன் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் தேர்வுத் தாளில் இருவரையும் ஒருவராக்கி விடுகிறார்கள்.

இந்தச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. ஒரே தலைமுறையில் ஒன்றுக்கு மேற்பட்ட மலைகளில், ஒருவரோடு ஒருவர் சேராத தலைவர்கள், ஒரே வேலையைச் செய்தார்கள். ஒருவன் மலையேறினால் அவனுடைய விருப்பம் என்று சொல்லலாம். பலர் ஏறினால் கீழே என்னவோ நடந்திருக்கிறது என்று பொருள்.

3. குளம் யார் கையில்?

கீழே நடந்தது என்ன? அதே நூல் பின்னால் மாகனுடைய படைகள் எங்கெங்கே பாளையம் இறங்கியிருந்தன என்று பட்டியலிடுகிறது. பொலன்னறுவை, கந்தளாய், கொட்டியாரம், பதவியா, குருந்தி, மன்னார், மாதோட்டம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட இடங்கள் அதில் வருகின்றன. தேசப்படத்தை எடுத்து இவற்றைப் புள்ளியிட்டுப் பாருங்கள். பொலன்னறுவை, கந்தளாய், பதவியா ஆகியவை பெருங்குளங்கள். கொட்டியாரம், மன்னார், மாதோட்டம் ஆகியவை துறைகள். ஆக, மாகன் பிடித்து வைத்திருந்தவை தண்ணீரும் துறைமுகமும். அவனுக்கு எதிராக நின்றவர்களிடம் மிஞ்சியது பாறை.

இதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் விழுந்த உயரம் புரியும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் காவன்திஸ்ஸ மன்னன் தன் மகன் சத்தாதிஸ்ஸனை நமது பகுதிக்கு அனுப்பியபோது அவனை வைத்த இடம் தீகவாபி. மலையில் வைக்கவில்லை, வேளாண்மையைப் பார்க்கச் சொல்லிக் குளத்தடியில் வைத்தான். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தைப் பெருக்கினான். அவன் இறந்தது 1186. மாகன் வந்தது 1215. இடையே 29 ஆண்டுகள். நிசங்கமல்லனுக்குப் பிறகு அந்த இடைவெளியில் அரசுக்கட்டில் அடிக்கடி கைமாறியது; லீலாவதி என்ற அரசி மட்டும் மூன்று முறை ஏறி இறங்கினாள். சமுத்திரம் கட்டிய ஆட்சியின் வழிவந்தவர்கள் ஒரு தலைமுறை தாண்டுவதற்குள் பாறைப் பள்ளத்து மழைநீரைக் குடிக்கும் நிலைக்கு வந்தார்கள்.

அமரதாச லியனகமகே 1968இல் வெளியிட்ட ‘பொலன்னறுவையின் வீழ்ச்சியும் தம்பதெனியவின் எழுச்சியும்’ என்ற ஆங்கில ஆய்வு இந்தக் காலத்தை விரிவாக ஆராய்கிறது. மூன்றாம் விஜயபாகு தம்பதெனியவில் ஆட்சியைத் தொடங்கினான். பின்னர் யாப்பகுவ, குருணாகல் என்று தலைநகர் நகர்ந்தது. மூன்றும் பாறையை அண்டிய இடங்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கம்பளைக்குப் போனார்கள். நூறாண்டுக்கு மேல் ஓர் அரசமரபு பெரும்பாலும் பாறையடியிலேயே இருந்தது. அந்த நூறாண்டில் பெருங்குளங்கள் காடேறின. போர், நோய், நீர்ப்பாசனத்தை நிர்வகித்த அதிகாரிகளின் மறைவு என்று காரணங்களை அறிஞர்கள் பலவாறு சொல்கிறார்கள். எது காரணமானாலும், குளத்தைப் பராமரிப்பவன் சமவெளியில் நிலையாக இருக்க வேண்டும். மலையில் இருந்துகொண்டு மதகு திறக்க முடியாது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய ஒழுங்கும் இல்லை. தமிழ்நாட்டுச் செஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. சத்திரபதி ராஜாராம் ஏன் அங்கே போனார்? 1689இல் ராய்கட் முகலாயர் கையில் விழுந்தது. தக்காணத்தில் நிற்க இடமில்லை. எங்கோ தெற்கே இருந்த செஞ்சிக்கு வந்து தங்கினார். முற்றுகை 1698 வரை இழுத்தது. செஞ்சி அவருக்கு வெற்றியைத் தரவில்லை; காலத்தைத் தந்தது. அந்தக் காலத்தில் மராத்தியர் சமவெளியில் மறுபடி எழுந்தார்கள். மலைக்கோட்டை கொடுக்கக்கூடிய உயர்ந்த பலன் அதுதான்.

4. தண்ணீர்தான் முதல்

திருக்குறளில் அரண் என்பது 75ஆம் அதிகாரம். அதன் இரண்டாவது குறள் ஓர் அரணுக்கு வேண்டிய நான்கு பொருள்களைச் சொல்கிறது: தெளிந்த நீர், வெளிநிலம், மலை, நிழல் செறிந்த காடு. கோவிந்தஹெலவைப் பார்த்துவிட்டுப் படிப்பவருக்கு அந்த வரிசை வியப்பாக இருக்கும். மலையை மூன்றாவதாகத்தான் வைத்திருக்கிறார் வள்ளுவர், முதலிடம் நீருக்கு. உணவு உள்ளே இருக்க வேண்டும் என்று பின்னால் இன்னொரு குறள் வருகிறது. அதிகாரத்தின் கடைசிக் குறள் மேலும் கடுமையானது: எத்தனை சிறப்புள்ள அரணானாலும், செயலில் சிறந்தவர்கள் உள்ளே இல்லையென்றால் அது ஒன்றுமில்லை.

பாறையுச்சியில் ஒரு படையை வைத்திருப்பவனின் கவலை இரண்டு. ஒன்று, வைகாசி தொடங்கி வாடைக்காற்று மழை வரும் வரையுள்ள மாதங்களுக்குத் தண்ணீர். நமது கரையில் அந்தக் கோடையின் கடுமையை விளக்கத் தேவையில்லை. பாறைப் பள்ளத்தில் தேங்கியது எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும் என்பதே அந்தப் படையின் அளவை முடிவுசெய்யும். மற்றது நெல். உச்சியில் நெல் விளையாது. அடிவாரத்து ஊர்கள் சேர்ந்து மேலே அனுப்ப வேண்டும். ஆகவே கோவிந்தஹெலத் தலைவன் ஆண்டது மலையை என்று சொல்வது பாதி உண்மை. அவனுக்கு நெல் கொடுத்த சிற்றூர்களும் சிறுகுளங்களும் அவன் பக்கம் நின்ற வரைதான் அவன் தலைவன். கோட்டைச் சுவர் இடிந்ததால் அழிந்த மலைக்கோட்டைகளைவிட, கீழே இருந்தவர்கள் கைவிட்டதால் அழிந்தவை அதிகம் என்பதே எனது எண்ணம்.

தென் இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்கு அருகே பழைய சாரம் என்றோர் இடம் இருக்கிறது. இரும்புக்கால மக்கள் மேட்டைச் சுற்றி எடுத்த மண் அரணுக்குள் பின்னர் நோர்மானியர் கோட்டையும் பேராலயமும் கட்டினார்கள். மேட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடு, கொடுங்காற்று, கோட்டைப் படைக்கும் குருமாருக்கும் ஓயாத தகராறு. 1220இல் குருமார் கீழே ஆற்றோரப் புல்வெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நட்டார்கள். நகரமும் அவர்கள் பின்னால் இறங்கியது, மேடு வெறிச்சோடியது. அங்கே தண்ணீரைத் தேடி மக்கள் இறங்கிய அதே ஆண்டுகளில், இங்கே தண்ணீரைப் பறிகொடுத்தவர்கள் மலையேறினார்கள். திசை எதிரானது, நியதி ஒன்று.

5. மண் அரணும் குளக்கட்டும்

கோட்டை என்றதும் கல்லைத் தேடுவது நமது பழக்கம். பழைய அரண்களில் பெரும்பகுதி மண். அகழி வெட்டினால் மண் வரும். அந்த மண்ணை உட்பக்கம் குவித்தால் அரண் வரும். ஒரே உழைப்பில் இரண்டு தடை. சீகிரியாவில் காசியப்பன், 477 முதல் 495 வரை, பாறையுச்சியில் மாளிகை கட்டினான் என்பதே எல்லோருக்கும் தெரிந்தது. மேற்குப் பக்கத்து அகழிகளையும் மண் அரண்களையும் நுழைவுச்சீட்டு வாங்கிய அவசரத்தில் கடந்துபோய் விடுகிறோம். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 3 கிலோமீற்றர் விரிந்த நகரம் அது. பாறை அதன் நடுப்புள்ளி மட்டுமே. யாப்பகுவயிலும் பாறைக்குத் தெற்கே அரைவட்டமாக இரண்டு மதில்வரிசையும் அகழியும் இருக்கின்றன.

காசியப்பனின் முடிவையும் இங்கே நினைக்க வேண்டும். அவனுடைய சகோதரன் மொகலான் படையோடு வந்தபோது அவன் பாறையில் இருந்துகொண்டு போரிடவில்லை. சமவெளிக்கு இறங்கினான். சேற்று நிலத்தைக் கண்டு அவனுடைய யானை திரும்ப, படை தோல்வி என்று நினைத்துச் சிதறியது. அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்கிறது வம்சகதை. இலங்கையின் மிகப் பெரிய மலைக்கோட்டையைக் கட்டியவனுடைய தலைவிதியும் வயல்வெளியில்தான் முடிவானது.

மண் அரணைக் காட்டுக்குள் இனங்காணுவது எப்படி? இதற்குத்தான் வயல்காரர்களின் கண் வேண்டும் என்றேன். வயல் நிர்வாகத்தில் பழகிய போடியாரும் வட்டவிதானையும் முல்லைக்காரரும் கட்டைப் பார்த்தால் அது ஆற்று மணல் ஒதுங்கிய மேடா, ஆள்வைத்துப் போட்ட கட்டா என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய அறிவை நான்கு விதிகளாகச் சொல்லலாம். ஆள்வைத்துப் போட்ட கட்டு நெடுந்தூரம் ஒரே உயரத்தில் ஓடும். அதன் பக்கத்தில் மண் எடுத்த பள்ளம் இருக்கும். குளக்கட்டு தாழ்ந்த பக்கத்தை மட்டும் மறித்து, இரு முனையும் மேட்டில் போய் முட்டும். ஓரிடத்தில் மதகோ வானோ இருந்த அடையாளம் தெரியும். கோட்டைக் கட்டு மேட்டுப் பக்கத்தையும் விடாமல் வளைக்கும். பள்ளம் வெளிப்பக்கம் இருக்கும்.

கோவிந்தஹெலவில் செங்குத்துப் பாறையே மதிலின் வேலையைப் பெரும்பாலும் செய்துவிட்டது. அதனால் அங்கே போகிறவர்கள் உச்சிச் செங்கல்லோடு நின்றுவிடாமல், மலையைச் சுற்றியுள்ள காட்டில் கட்டுகளைப் பார்க்க வேண்டும். அந்தத் தலைவனுக்குச் சோறு போட்ட சிறுகுளங்களின் கட்டுகள் அவை. அவற்றை வரைபடமாக்கினால் மலையின் கதை பாதிக்கு மேல் வெளிவரும்.

6. ஒரே காலம், இரண்டு நினைவு

இப்போது நமது கரைக்கு வருகிறேன். சூளவம்சம் மாகனைக் கொடியவனாகக் காட்டுகிறது. விகாரைகளை இடித்தவன், ஏடுகளைச் சிதறடித்தவன், சொத்துகளைப் பறித்தவன். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் அதே மனிதனைக் கலிங்க மாகோன் என்கிறது. தோப்பாவையில், அதாவது பொலன்னறுவையில் இருந்து ஆண்டவன். மட்டக்களப்புத் தேசத்தின் கோயில் ஊழியத்தையும் குடிகளின் உரிமையையும் வன்னிமை முறையையும் வகுத்தவன். சூளவம்சத்தில் அழித்தவன், மான்மியத்தில் ஒழுங்கு செய்தவன்.

இரண்டு நூலுமே சார்புடையவை. சூளவம்சத்தை எழுதியவர்கள் சொத்தும் விகாரையும் இழந்த சங்கத்தைச் சேர்ந்தவர்கள். மான்மியம் மிகப் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டது. கோயில் உரிமைகளுக்குப் பழைமை காட்ட வேண்டிய தேவை அதற்கு இருந்தது. ஆனால் எனது வாதத்துக்கு இரண்டும் சேர்ந்தே சாட்சி சொல்கின்றன. ஒன்று, சமவெளியை இழந்தவர் எங்கே போனார் என்று சொல்கிறது. மற்றது, சமவெளியைப் பெற்றவர் அங்கே என்ன செய்தார் என்று சொல்கிறது. கோவிந்தஹெலவை அறிய விரும்புகிறவர் மான்மியத்தை ஒதுக்க முடியாது. மாகோனைப் போற்றுகிறவர் கோவிந்தஹெலவை மறைக்க முடியாது.

இதில் முஸ்லிம்கள் எங்கே என்ற கேள்விக்கும் விடை உண்டு. காட்டு நாட்டையும் கரையையும் இணைத்தது தவளம். நமது முன்னோர் உப்பும் கருவாடும் துணியும் மாட்டுப் பொதியில் ஏற்றி வெல்லஸ்ஸ, ஊவாப் பக்கம் கொண்டுபோனார்கள். பாக்கும் தானியமும் கொண்டுவந்தார்கள். காட்டுப் பாதையைக் காட்டுக்காரருக்கு அடுத்தபடி அறிந்தவர்கள் தவளக்காரர்கள். 1817இல் பிரித்தானியர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்காரை முகாந்திரமாக நியமித்ததும், அதையொட்டி மூண்ட கிளர்ச்சியும் பள்ளிப் பாடத்தில் இருக்கின்றன. அந்தக் கிளர்ச்சி 1818இல் எப்படி அடக்கப்பட்டது? பிரித்தானியர் காட்டுக்குள் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து வெல்லவில்லை. ஊர்களைக் கொளுத்தினார்கள்; பயிரையும் தானியத்தையும் அழித்தார்கள். கீழே வயல் செத்ததும் மேலே காடும் காக்கவில்லை. 600 ஆண்டுகள் கழித்து அதே நிலத்தில் அதே பாடம்.

முடிவுரையும் வேண்டுகோளும்

கிழக்கில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே நமது மக்கள் காணி போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்ட உறுப்பினர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. மூன்று சமூகங்களும் வாழும் மாகாணத்தின் மரபை ஒரு சமூகத்தார் மட்டும் அளந்து சொல்வது அறிவுக்கும் நீதிக்கும் ஒவ்வாதது. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

அதற்கு மறுமொழியாக, ‘அது அவர்களுடைய மலை, நமக்கு என்ன’ என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தவறு. பௌத்த சங்கத்தைக் காத்த தலைவனின் மலை அது. அதை மறுக்க வேண்டியதில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்த ஆறுகள் நமது கரையில் முடிகின்றன; கல்லோயா நீரில் நாம் இன்றும் விதைக்கிறோம். மேட்டின் வரலாற்றை அவர்களும் பள்ளத்தின் வரலாற்றை நாமும் தனித்தனியே எழுதினால் இரண்டும் பொய்யாகப் போகும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியர்களே, சுற்றுலா என்றால் சீகிரியாவோடும் நுவரெலியாவோடும் நிற்காமல், வனத்துறையிடமும் தொல்பொருள் திணைக்களத்திடமும் கேட்டுக்கொண்டு உயர்தர மாணவரைக் கோவிந்தஹெலவுக்குக் கூட்டிப்போங்கள். போகுமுன் சூளவம்சத்தின் அந்த அத்தியாயத்தையும் மான்மியத்தின் மாகோன் பகுதியையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்யுங்கள். இளைஞர்களே, புதையல் என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டியோடு வருகிறவனுக்கு வழிகாட்டாதீர்கள். உரிமம் இல்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டப்படி குற்றம், அதைவிட, அவன் கலைத்துவிடும் மண்ணடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தாரே, ஹெட ஓயாவுக்கும் கல்லோயாவுக்கும் இடைப்பட்ட பழைய கட்டுகளையும் கைவிட்ட சிறுகுளங்களையும் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் சேர்ந்து வரைபடமாக்கும் ஒரு வேலையைத் தொடங்குங்கள். அந்தக் குழுவில் வயது முதிர்ந்த வட்டவிதானை ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டு எது, மேடு எது என்று பிரித்துச் சொல்ல அவர் வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள்.